உங்கள் கம்பெனியைப் பற்றி விக்கிபீடியாவில் நீங்களே எழுதலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வீடுகளில் அடிக்கடி திறக்கப்படும் தளங்களில் ஒன்று விக்கிபீடியா. பள்ளிக்கூடப் பிள்ளையின் புராஜெக்ட்டில் இருந்து, கல்லூரி பற்றி விசாரிப்பது வரை எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ல் தொடங்கிய இந்த என்சைக்ளோபீடியாவில் இன்று ஆங்கிலத்தில் மட்டும் சுமார் 70 லட்சம் கட்டுரைகள் உள்ளன. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. கட்டணம் எதுவும் இல்லை. அதைவிட ஆச்சரியமான விஷயம், பக்கத்தின் மேலே உள்ள "தொகு" என்ற பட்டன். அதில் கிளிக் செய்தால் கட்டுரையை நீங்களே திருத்தலாம்.

இந்த பட்டனில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது.

நீங்கள் திண்டுக்கல் அருகே, வேடசந்தூர் ரோட்டில் உள்ள ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆபீசில் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான். ஒருநாள் மானேஜர் கூப்பிட்டு, "தம்பி, நம்ம மில்லைப் பத்தி விக்கிபீடியாவுல நல்லபடியா ஒரு பக்கம் போட்டுடுப்பா" என்கிறார். என்ன செய்வீர்கள்? அரை மணி நேர வேலைதான். "தென்னிந்தியாவின் தலைசிறந்த", "ஈடு இணையற்ற தரம்" என்று மில்லின் விளம்பர நோட்டீஸில் இருப்பதை அப்படியே டைப் செய்து சேவ் செய்துவிடலாம். மானேஜரும் மகிழ்ச்சி அடைவார், ஓரிரு நாட்கள் வரைக்கும். அதற்குள் யாராவது ஒரு தன்னார்வலர் பார்த்து, அந்தப் பக்கத்தை நீக்கக் குறிப்பு போட்டிருப்பார்.

காரணம் எளிது. இரண்டு பங்காளிகளுக்கு இடையே வரப்புத் தகராறு. அதில் ஒருவருடைய மைத்துனரே பஞ்சாயத்து சொல்ல உட்கார்ந்தால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். நியாயமாகக்கூடத் தீர்ப்பு சொல்லலாம். ஆனாலும் எழுந்து போகச் சொல்வார்கள். உங்களுக்குச் சம்பளம் தரும் இடத்தைப் பற்றி நீங்களே கலைக்களஞ்சியத்தில் எழுதுவதும் இதே கதைதான். தமிழ் விக்கிபீடியர்கள் இதை "நலமுரண்" என்று சொல்கிறார்கள்.

ஒரு பெரிய இந்தியக் கதை

"சின்ன மில்தானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே நடந்த ஒரு விவகாரத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஐ.ஐ.பி.எம். என்ற நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரங்களை ஆங்கில நாளிதழ்களில் பார்த்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு பல நகரங்களில் நிர்வாகவியல் படிப்புகளை நடத்திய தனியார் நிறுவனம் அது. விளம்பரங்களில் சொன்னதெல்லாம் உண்மையா என்று 2005ஆம் ஆண்டிலேயே கேள்விகள் எழுந்தன. அது பல்கலைக்கழகம் அல்ல, பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை என்று யு.ஜி.சி. 2012ல் அறிவிப்பு வெளியிட்டது. 2013 பிப்ரவரியில், நீதிமன்ற உத்தரவு ஒன்றின்படி, அந்த நிறுவனத்தை விமர்சித்த 70க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், முடக்கப்பட்டவற்றில் யு.ஜி.சி.யின் அந்த அறிவிப்பும் ஒன்று!

இந்த நேரத்தில் ஒரு மாணவரோ, பெற்றோரோ உண்மையை அறிய எங்கே போவார்? விக்கிபீடியாவிற்குத்தான். அங்கேதான் விஷயமே இருக்கிறது. "வைஃபைஒன்" என்ற பெயரில் ஒருவர் ஆங்கில விக்கிபீடியாவில் பல ஆண்டுகளாக எழுதிவந்தார். 2010ல் நிர்வாகி பொறுப்புக்கும் வந்துவிட்டார். நிர்வாகி என்றால் பக்கங்களை நீக்கவும், பிறரைத் தடை செய்யவும் அதிகாரம் உள்ளவர். இவர் ஐ.ஐ.பி.எம். பற்றிய கட்டுரையை மெல்ல மெல்ல அந்த நிறுவனத்திற்குச் சாதகமாக மாற்றினார் என்று மற்றவர்கள் புகார் செய்தார்கள். விமர்சனம் வந்தால் "இந்த ஆதாரம் போதாது" என்று விதியைக் காட்டி நீக்குவது, பாராட்டு வந்தால் வைத்துக்கொள்வது என்பதுதான் வழி. எல்லாமே விதிப்படி நடப்பது போலத் தோன்றும். அதனால்தான் கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆனது.

விக்கிபீடியாவின் நடுவர் குழு இதை விசாரித்து 2015 பிப்ரவரியில் அவருடைய நிர்வாகி பொறுப்பைப் பறித்து, தளத்தில் எழுதவும் தடை விதித்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் நியூஸ்வீக் பத்திரிகை இதைப் பெரிய கட்டுரையாக வெளியிட்டது. அவர் யார், எங்கே வேலை பார்த்தார் என்பது பொதுவில் நிரூபிக்கப்படவில்லை. இதனிடையே 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ., பிசினஸ் ஸ்கூல் போன்ற சொற்களைத் தன் படிப்புகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த நிறுவனத்திற்குத் தடை விதித்திருந்தது. சில லட்சம் ரூபாய் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்க நினைத்த ஒரு தகப்பனார், அதற்கு முந்தைய வருடங்களில் விக்கிபீடியாவைத் திறந்து பார்த்து முடிவு செய்திருந்தால்? ஒரு வாக்கியத்தை நீக்குவது சின்ன வேலையாகத் தெரியலாம். படிப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள்

விக்கிபீடியாவின் ஒவ்வொரு பக்கத்திலும் "வரலாற்றைக் காட்டவும்" என்று ஒரு டேப் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதெல்லாம் அதில் அப்படியே பதிவாகி இருக்கும். நீங்கள் அழித்ததும் அங்கே பத்திரமாக இருக்கும்.

2007 ஆகஸ்டில் வர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க மாணவர் "விக்கிஸ்கேனர்" என்ற ஒரு கருவியை வெளியிட்டார். கணக்கு இல்லாமல் செய்யப்பட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட திருத்தங்களை எடுத்து, அவற்றின் ஐ.பி. எண் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பொருத்திப் பார்த்தது அது. ஓட்டுப்பதிவு இயந்திரம் தயாரித்த டைபோல்டு கம்பெனியின் நெட்வொர்க்கில் இருந்து, அந்த இயந்திரங்களைப் பற்றிய விமர்சனம் பத்தி பத்தியாக நீக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி. யாரோ ஒரு ஊழியர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து செய்த வேலைக்குக் கம்பெனியின் பெயர் சந்திக்கு வந்தது. நம் நாட்டிலும் 2015ல் ஜவஹர்லால் நேருவைப் பற்றிய கட்டுரையில் மத்திய அரசு நெட்வொர்க்கின் ஐ.பி. எண்ணில் இருந்து திருத்தங்கள் செய்யப்பட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது.

2025ல் இருந்து பல விக்கிகளில் ஐ.பி. எண்ணுக்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்கின் பெயர்தான் வெளியே தெரிகிறது. ஆனால் அனுமதி பெற்ற தன்னார்வலர்கள் எண்ணைப் பார்க்க முடியும். எனவே மறைந்து கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

நம்ம ஊரிலேயே

திண்டுக்கல் வட்டாரத்தில் நூல் மில்களும் கார்மென்ட் தொழிற்சாலைகளும் ஏராளம். 2021 ஜனவரியில் இங்குள்ள ஒரு கார்மென்ட் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அதன்பின் 2022ல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கமும், வேறு இரண்டு அமைப்புகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதே நோக்கம். எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் இதற்காகக் கையெழுத்திட்டன. உலகம் முழுவதும் இதற்குப் பெயர் "திண்டுக்கல் ஒப்பந்தம்".

இப்படி ஒரு விஷயத்தைப் பற்றிய கட்டுரையைக் கம்பெனி ஊழியர் திருத்தினால் கொலையைப் பற்றிய வரி சுருங்கிப் போகலாம். தொழிற்சங்கத்தில் சம்பளம் வாங்குபவர் திருத்தினால் கம்பெனி செய்த சீர்திருத்தம் காணாமல் போகலாம். இருவரும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்வதில்லை. தனக்கு முக்கியமாகத் தெரிவதை எழுதுவார்கள், அவ்வளவுதான். வேலையில் இருந்து நிறுத்தப்பட்டு, பழைய முதலாளி மேல் கோபமாக இருப்பவருக்கும் இதே விதி உண்டு. வேண்டியவர் எழுதுவது மட்டும் அல்ல, வேண்டாதவர் எழுதுவதும் நலமுரண்தான்.

சரியான வழி எது?

நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மில் தொடங்கிய ஆண்டு தவறாக இருக்கலாம். மூடிய யூனிட் இன்னும் இயங்குவதாக இருக்கலாம். இதெல்லாம் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

முதலில் உங்களுக்கென ஒரு கணக்கைத் திறந்து கொள்ளுங்கள். கம்பெனி பெயரில் கணக்கு வேண்டாம். ஆங்கில விக்கிபீடியாவில் அதைத் தடை செய்துவிடுவார்கள். உங்கள் பயனர் பக்கத்தில் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். சம்பளத்திற்காகவோ, வேலையின் பகுதியாகவோ எழுதுபவர் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 ஜூனில் இருந்து தளத்தின் பயன்பாட்டு விதி. பிறகு கட்டுரைக்குப் பக்கத்தில் உள்ள "உரையாடல்" டேப்பில் கிளிக் செய்து இப்படி எழுதலாம்:

"வணக்கம். நான் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். தொடங்கிய ஆண்டு தவறாக உள்ளது. இன்ன நாளிதழில் இன்ன தேதியில் வந்த செய்தியில் சரியான ஆண்டு இருக்கிறது. பார்த்துத் திருத்த வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். முடிவில் நான்கு டில்டே குறிகள் போட்டால் உங்கள் கையொப்பமும் நேரமும் தானாக வந்துவிடும். கீபோர்டில் எஸ்கேப் கீக்குக் கீழே உள்ள கீயை ஷிப்ட்டுடன் அழுத்தினால் அந்தக் குறி கிடைக்கும். வேறொருவர் ஆதாரத்தைச் சரிபார்த்துத் திருத்துவார். தமிழ் விக்கியில் ஆட்கள் குறைவு என்பதால் சில நாட்கள் ஆகலாம். பதிலே வராவிட்டால் "ஆலமரத்தடி" என்ற பொதுப் பக்கத்தில் கேளுங்கள். பெயரே சொல்கிறதே, எல்லோரும் கூடிப் பேசும் இடம். யாராவது விஷமத்தனமாகக் கெட்ட வார்த்தை எழுதிவைத்திருந்தால் மட்டும் நீங்களே உடனே நீக்கலாம்.

பக்கமே இல்லாத மில்லுக்குப் புதுப் பக்கம் வேண்டும் என்றால்? மில்லுடன் தொடர்பில்லாத பத்திரிகைகளும் நூல்களும் விரிவாக எழுதியிருந்தால்தான் அது நிற்கும். நீங்கள் கொடுத்த விளம்பரம் கணக்கில் வராது. "பணம் கொடுங்கள், உங்கள் பெயரில் பக்கம் போட்டுத் தருகிறோம்" என்று போனிலும் மெயிலிலும் அழைப்பவர்களிடம் ஜாக்கிரதை. 2015ல் ஆங்கில விக்கிபீடியா 381 கணக்குகளை ஒரே நேரத்தில் தடை செய்தது. சிறு வியாபாரிகளிடம் பணம் வாங்கிப் பக்கம் போட்டு, பிறகு அதைக் காப்பாற்றவும் மாதாமாதம் பணம் கேட்ட கும்பல் அது. விக்கிபீடியாவில் கட்டுரை வெளியிட எந்தக் கட்டணமும் கிடையாது.

எழுத ஆசை இருந்தால் ஊரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. மலைக்கோட்டை, சின்னாளபட்டி சுங்குடி, புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம், 2019ல் அதே குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கடை வைத்திருப்பவர்கள் மட்டும் பூட்டை விட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் போய்விடுங்கள்.