நாற்பத்தேழு வயதில் ஒரு கொட்டகை

1957-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு கடன் சங்கம் திவாலானது. அதன் தலைவராக இருந்த மொமொஃபுகு ஆண்டோ பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. சேர்த்து வைத்த சொத்தெல்லாம் கையைவிட்டுப் போனது. மிஞ்சியது இகெடா என்ற ஊரில் குடியிருந்த வாடகை வீடும் குடும்பமும்தான். அப்போது அவருக்கு வயது 47. அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அதே மனிதர் ‘சிக்கன் ராமென்’ என்ற பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெந்நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் சாப்பாடு தயார். இன்ஸ்டன்ட் நூடுல்ஸின் கதை அங்கேதான் தொடங்குகிறது. இன்று உலகம் ஆண்டுக்கு 10,000 கோடிக்கும் அதிகமான பரிமாறல்களைச் சாப்பிடுகிறது.

தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு வழக்கமாக ஓர் அறிவுரை கிடைக்கும். ‘முதலில் உனக்கு எதில் ஆர்வம் என்று கண்டுபிடி, அப்புறம் இறங்கு.’ ஆர்வம் எங்கோ புதைந்து கிடப்பது போலவும், தோண்டி எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது போலவும் இந்த அறிவுரை பேசுகிறது. ஆண்டோவின் வாழ்க்கை வேறு மாதிரி போயிற்று. அவர் சமையல்காரர் அல்ல. நூடுல்ஸ் மீது இளவயதிலிருந்து மோகம் கொண்டவரும் அல்ல. வீட்டின் பின்னால் போட்ட ஒரு கொட்டகைக்குள் நுழைந்து மாவைப் பிசைய ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலை அவரைப் பிடித்துக்கொண்டது.

1910-இல், ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் பிறந்தார். பெற்றோர் சீக்கிரமே இறந்துவிட, துணிக்கடை வைத்திருந்த தாத்தா பாட்டி வளர்த்தார்கள். கடையில் ஓடிய நெசவுத்தறிச் சத்தமும் கணக்குப் புத்தகமும்தான் அவர் கண்ட முதல் பள்ளிக்கூடம். 22 வயதில் தைபேயில் பின்னலாடை வியாபாரம் தொடங்கி, அடுத்த ஆண்டே ஒசாகாவுக்கு வந்துவிட்டார். போர்க்காலத்தில் ராணுவப் போலீஸ் பொய்க் குற்றச்சாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தது. குண்டுவீச்சில் அலுவலகம் எரிந்தது. போருக்குப் பிறகு கடற்கரையில் உப்பு காய்ச்சினார். 1948-இல் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்கும் போனார். துணி, உப்பு, கடன் சங்கம் எனத் தொட்ட எதிலும் அவர் நிலைத்து நிற்க முடியவில்லை.

ஆனால் ஒரு காட்சி மட்டும் அவர் மனதைவிட்டு அகலவில்லை. போர் முடிந்த சமயம், ஒசாகாவின் உமேடா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த கள்ளச்சந்தை. குளிரில் நடுங்கியபடி நீண்ட வரிசை. எல்லோரும் காத்து நின்றது ஒரு கடையின் ராமெனுக்காக, சூடான சாற்றில் மிதக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக. அமெரிக்கா கப்பல் கப்பலாக அனுப்பிய கோதுமையை ரொட்டியாக்கிச் சாப்பிடுங்கள் என்று அரசு பிரசாரம் செய்துகொண்டிருந்தது. கிழக்கு நாடுகளின் பழக்கம் நூடுல்ஸ்தானே, அதை ஏன் ஊக்குவிக்கக்கூடாது என்று அதிகாரிகளிடம் ஆண்டோ கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி பத்து வருடங்களுக்கும் மேலாக அப்படியே கிடந்தது. எல்லாவற்றையும் இழந்த பிறகு அவரே அதைக் கையில் எடுத்தார்.

வீட்டின் பின்புறம் ஒரு சின்னக் கொட்டகை போட்டார். பழைய நூடுல்ஸ் இயந்திரம் ஒன்றும் பெரிய வாணலி ஒன்றும் வாங்கினார். மாவு மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். தனக்குத்தானே அவர் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் எளிமையாகத் தோன்றும்: ருசி வேண்டும், கெடக்கூடாது, சமைப்பது சுலபமாக இருக்கவேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும், உடம்புக்குக் கேடு வரக்கூடாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. சாற்றை மாவிலேயே சேர்த்துப் பிசைந்தால் நூடுல்ஸ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாற்றில் ஊறவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காயவே மாட்டேன் என்றது. கடைசியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியில் கோழிச் சாற்றை நிரப்பி, ஆவியில் வெந்த நூடுல்ஸ் மேல் தெளித்து, லேசாக உலர்ந்ததும் கையால் பிசறிவிட்டார். ருசி ஏறியது. ஆனால் காயவைப்பது எப்படி?

அதற்கு விடை சமையலறையில் கிடைத்தது. மனைவி மசாகோ தெம்புரா பொரித்துக்கொண்டிருந்தார். நம் ஊர் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட உறவு அது. காய்கறியையோ மீனையோ மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவார்கள். சட்டியில் விழுந்ததும் மாவிலிருந்து நீர் குமிழியாகக் கிளம்பி வெளியேறுவதைக் கவனித்தார் ஆண்டோ. நூடுல்ஸைச் சூடான எண்ணெயில் போட்டால் அதிலுள்ள ஈரமும் அப்படியே ஆவியாகிவிடும். நீர் வெளியேறிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். பிறகு வெந்நீர் ஊற்றும்போது அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே புகுந்து நூடுல்ஸை மறுபடி மென்மையாக்கும். காயவைப்பது, கெடாமல் காப்பது, விரைவில் வேகவைப்பது ஆகிய மூன்றையும் ஒரே சட்டி எண்ணெய் முடித்துவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் இது அதிர்ஷ்டம். ஜப்பானில் எத்தனையோ வீடுகளில் அன்று தெம்புரா பொரித்திருப்பார்கள். அந்தக் குமிழிகளைப் பார்த்தவர்களும் ஏராளம். மாதக்கணக்கில் உதிர்ந்த மாவோடும் காயாத நூடுல்ஸோடும் போராடியவருக்குத்தான் அது விடையாகத் தெரிந்தது. ஓர் ஆண்டு முழுக்க விடுமுறையில்லாமல், சராசரியாக நான்கு மணி நேரமே தூங்கி உழைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது அந்த உழைப்பின் நடுவேதான் ஊறியிருக்கிறது. ‘என்னால் முடியும்’ என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதைவிட, நேற்று உதிர்ந்தது இன்று உதிரவில்லை என்று கண்ணால் காண்பது பெரிய தைரியம்.

சந்தை அவரை மாலை போட்டு வரவேற்கவில்லை. கடையில் புது உதோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்த காலத்தில் சிக்கன் ராமெனின் விலை 35 யென். மொத்த வியாபாரிகள் வாங்கத் தயங்கினார்கள். ஆண்டோ கடைகளில் வெந்நீர் ஊற்றிக் காட்டி, சுவைக்கக் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் ‘மந்திர ராமென்’ என்றார்கள். காலமும் கைகொடுத்தது. நகரங்களில் வேலைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள், சூப்பர் மார்க்கெட்டுகள் முளைத்தன, தொலைக்காட்சி விளம்பரம் வீடுவீடாக நுழைந்தது. பொரித்து உலர்த்தும் நூடுல்ஸ் தங்களுடையதே முதல் என்று உரிமை கோரியவர்களும் அன்று இருந்தார்கள். காப்புரிமைச் சண்டைகள் நடந்தன. தனிமனிதரின் நம்பிக்கையை மட்டும் வைத்து இந்த வெற்றியை விளக்கினால் கணக்கு இடிக்கும்.

1966-இல் அமெரிக்கா போனபோது அடுத்த பாடம். வியாபாரிகளிடம் சுவை பார்க்கக் கொடுத்தால் அவர்களிடம் கிண்ணமும் இல்லை, குச்சியும் இல்லை. நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். ஊர் திரும்பிய ஆண்டோ, கோப்பையையே பொட்டலமாக்கினார். கோப்பையின் அடியைத் தொடாமல் நூடுல்ஸ் நடுவில் தொங்க வேண்டும்; அப்போதுதான் பயணத்தில் உடையாது, வெந்நீரும் சீராகப் பரவும். நூடுல்ஸைக் கோப்பைக்குள் இறக்கினால் சாய்ந்துகொண்டது. நூடுல்ஸைக் கீழே வைத்து, கோப்பையை அதன் மேல் கவிழ்த்தபோது சரியாக உட்கார்ந்தது. மூடிக்கான யோசனை, விமானத்தில் கொடுத்த மக்கடேமியா கொட்டை டப்பாவிலிருந்து வந்தது.

1971 செப்டம்பரில் ‘கப் நூடுல்’ வந்தது. விலை 100 யென். மொத்த வியாபாரிகள் மறுபடியும் தயங்க, டோக்கியோவின் கின்சா வீதியில் நடந்துபோகிறவர்களிடமே நேராக விற்றார்கள். நான்கு மணி நேரத்தில் 20,000 கோப்பைகள் தீர்ந்தன. 1972 பிப்ரவரியில் கருய்சாவா மலைப்பகுதியில் தீவிரவாதிகள் ஒரு விடுதியில் பணயக்கைதியோடு பதுங்க, போலீஸ் முற்றுகையிட்டது. கொண்டுபோன சோறு உறைந்துபோகும் குளிர். போலீஸ்காரர்கள் ஆவி பறக்கும் கப் நூடுல் சாப்பிட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எந்தக் கம்பெனியாலும் காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்துவதே தொழில் பத்திரிகைகளின் வழக்கம். ஆண்டோவின் துணிச்சலை எடைபோட, அதிகம் பேசப்படாத 1975-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அந்த ஆண்டு ‘கப் ரைஸ்’ என்ற உடனடிச் சோற்றை அவர் கொண்டுவந்தார். அரசு அதிகாரிகள் பாராட்டினார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. 300 கோடி யென் செலவில் தொழிற்சாலை எழும்பியது. கடைகளில் சரக்கு நகரவில்லை. சோற்றை வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு விலை என்று இல்லத்தரசிகள் கேட்டார்கள். போட்ட பணத்தை நினைத்துத் தொடரச் சொன்ன குரல்களை மீறி, தயாரிப்பை நிறுத்தினார் ஆண்டோ.

கொட்டகையில் ஓர் ஆண்டு விடாப்பிடியாக நின்றவர்தான் இங்கே இறங்கி வந்தார். கொட்டகையில் தினமும் ஏதோ ஒரு சிறு முன்னேற்றம் கண்ணில் பட்டது. கப் ரைஸில் அது தெரியவில்லை. அந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்ததால்தான் அவருடைய நம்பிக்கை வெறும் பிடிவாதமாகிவிடாமல் தப்பித்தது என்று தோன்றுகிறது.

வயதானாலும் ஆய்வுக்கூடத்தை அவர் விட்டுவிடவில்லை. அவருடைய ஆசையை ஏற்று உருவாக்கப்பட்ட ‘ஸ்பேஸ் ராம்’ நூடுல்ஸை, 2005 ஜூலையில் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்த சோய்ச்சி நொகுச்சி எடுத்துச் சென்றார். எடையற்ற நிலையில் சாறு சிதறாதபடி கெட்டியாக்கி, 70 டிகிரி வெந்நீரிலேயே மென்மையாகும்படி, ஒரே வாயில் போடும் உருண்டைகளாக அதைச் செய்திருந்தார்கள். அப்போது ஆண்டோவுக்கு 95 வயது. 2007 ஜனவரி 5 அன்று, 96-ஆவது வயதில் காலமானார்.