உங்களுக்குத் தெரியுமா? கொழுப்பை எப்படி அளப்பது?

மாத்தளைப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் தராசைத் தேடுவார்கள். தராசு நிறையைச் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சொல்லாது.

1942இல் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் ஆல்பர்ட் பென்கே, அந்நாட்டுப் பாணியில் கால்பந்து ஆடும் 25 வீரர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்துப் பார்த்தார். உயர-நிறை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் படைக்கே ஆகாதவர்கள். தண்ணீரோ வேறு கதை சொன்னது: அந்த 17 பேரில் பெரும்பாலோருக்குக் கூடுதல் நிறை தசையால் வந்தது.

கறியில் எண்ணெய் மிதப்பதுதான் இதன் சூட்சுமம். கொழுப்பின் அடர்த்தி 0.9, உடலின் மற்றப் பகுதிக்குச் சுமார் 1.1. சிரி என்பவரின் 1961ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 495ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம். அடர்த்தி 1.06 என்றால் 17, 1.07 என்றால் 12.6. நுரையீரலில் மிஞ்சிய காற்றைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலே விடை எங்கோ போய்விடும்.

2004இல் 'லான்செட்' இதழில் இரு வைத்தியர்களின் படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடலில், ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்புக் கூடுதலாக இருக்கலாம். வெள்ளையர்களை அளந்து எழுதிய சூத்திரத்தை நம் பிள்ளைகளுக்கு அப்படியே போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நம் பிள்ளைகளுக்கேற்ற சூத்திரம் தேடும் வேலை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆய்வாளர் பூஜித விக்கிரமசிங்க குழுவினர் இலங்கைச் சிறுவர்களை அளந்து, தோல்மடிப்பிலிருந்து கொழுப்பைக் கணிக்கும் சூத்திரத்தைச் சரிபார்த்து 2008இல் வெளியிட்டார்கள்.

தோல்மடிப்பு என்றால் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விரலால் கிள்ளித் தூக்கி, இடுக்கி போன்ற கருவியால் தடிப்பை அளப்பது. மலிவு, மின்சாரம் வேண்டாம். ஆனால் கிள்ளும் இடம் ஒரு சென்ரிமீற்றர் தள்ளினாலும் அளவு மாறும், கிள்ளும் கை மாறினாலும் மாறும். அதனால்தான் பலர் சதவீதமாக மாற்றாமல் பல இடங்களின் மில்லிமீற்றர்களைக் கூட்டி அந்தத் தொகையையே குறித்து வைக்கிறார்கள். அதுவே நேர்மையான கணக்கு.

தம்புள்ளை மைதானத்தின் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 2022 ஜனவரியில் இலங்கை அணியின் துடுப்பாட்ட வீரர் பானுக ராஜபக்ச ஓய்வை அறிவித்தபோது காரணமாகச் சொன்னது குடும்பப் பொறுப்பு. ஊரெல்லாம் பேசியதோ, தேர்வுக்கு வைத்த தோல்மடிப்பு எல்லையைப் பற்றி. சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 45 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள்.

காலை வைத்தால் சதவீதம் காட்டும் மின்தராசு, உடலுக்குள் மெல்லிய மின்சாரத்தை விட்டுப் பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தடைப்படும். வெயிலில் ஓடி வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் ஏறி நின்றால் கொழுப்பைத் தவறாகக் காட்டலாம்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா, இரு வகை எக்ஸ் கதிர்களால் கொழுப்பையும் பிரித்துச் சொல்லும். ஆனால் வெவ்வேறு கம்பனி இயந்திரங்கள் ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண் தரலாம்.

மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. போனது தண்ணீர். உடலின் நிறையையும் இப்படிக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், நிறைப்பிரிவுக்குள் வருவதற்காக உடலைக் காயவைத்து, ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே, முதலில் சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதுமா என்று பார்த்துவிட்டுக் கொழுப்பை அளக்கும் விதி வந்தது. கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகும்படி ஆண் வீரர் எவரும் நிறையைக் குறைக்கக்கூடாது.

பெண்ணின் உடலுக்கு உயிர்வாழவே சுமார் 12 சதவீதக் கொழுப்பு வேண்டும் என்பது பென்கேயின் கணிப்பு, ஆணுக்கு 3. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது. ஓட்டக்காரப் பிள்ளைக்கு மாதவிடாய் தவறினால், எந்தக் கருவியின் எண்ணுக்கும் முன்னால் வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறி அதுதான்.