ஒற்றைக்கால் இருக்கையும் அதன் அடித்தளமும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏரி மீன்பிடிப்புக்குப் போகும் சிறு படகுகளில் ஒரு விசேஷமான நாற்காலி இருக்கும். அதற்கு நான்கு கால் கிடையாது. ஒரே ஒரு உலோகக் குழாய்தான் கால். குழாயின் அடி, தளத்தில் பதித்த தட்டுக்குள் இறங்கி நிற்கும். தலையில் ஒரு சுழல் தட்டு, அதன்மேல் இருக்கை. தூண்டில் போடுகிறவர் உட்கார்ந்தபடியே எந்தத் திசைக்கும் திரும்பலாம். அங்கே இந்த வசதிக்குக் காரணம் உண்டு. பாஸ் என்னும் மீன், நீரில் மூழ்கிய மரங்களிலும் புதர்களிலும் ஒண்டி வாழ்வது. டெக்சாஸ், லூசியானா மாநில எல்லையில் சபீன் ஆற்றை மறித்து உண்டாக்கிய டொலிடோ பெண்ட் நீர்த்தேக்கம் போன்ற இடங்களில், பட்டுப்போன மரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. அவற்றின் இடுக்கு ஒவ்வொன்றுக்கும் தூண்டிலை வீச வேண்டும். ஹோம்ஸ் தர்மண்ட் 1948இல் கட்டிய ஸ்கீட்டர் படகை இவ்வகைப் படகுகளின் முன்னோடி என்பார்கள். துடுப்புப் போடுகிறவருக்குக் குறுக்குப் பலகை போதும்; நாள் முழுக்கத் திரும்பித் திரும்பித் தூண்டில் வீசுகிறவருக்குச் சுழலும் இருக்கை தேவை.

இந்த இருக்கையை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மெத்தையை. எத்தனை அங்குலத் தடிமன், என்ன நிறம், முதுகு எவ்வளவு உயரம் என்று விசாரிப்பார். ஆனால் உறுதியைத் தேடுகிறவர் கீழேயிருந்து மேலே போக வேண்டும்: முதலில் தளம், பிறகு தட்டு, அடுத்து குழாய், கடைசியில்தான் மெத்தை. சுவரை வைத்துத்தானே சித்திரம்? தரையில் அடித்த மாட்டு முளையைப் பிடுங்குகிறவர் அதை நேராக மேலே இழுப்பதில்லை. பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தளர்த்திவிட்டுத்தான் உருவுகிறார். ஒற்றைக்கால் இருக்கைக்கும் அதுதான் நடக்கிறது. நேராக உட்கார்ந்திருப்பவரின் எடையை எந்தக் குழாயும் தாங்கும். அவர் மீனைத் தூக்கச் சாயும்போதும், அலை படகைத் தூக்கிப் போடும்போதும் குழாய் ஒரு நெம்புகோலாகி, தட்டைத் தளத்திலிருந்து பெயர்க்கப் பார்க்கிறது.

இதை எளிய கணக்கிலேயே காணலாம். தட்டின் போல்ட் வரிசைகளுக்கு இடையே 15 செ.மீ. இருக்கட்டும். 80 கிலோ எடையுள்ளவர் ஒரு பக்கம் சாய்கையில், அவர் எடையின் மையம் குழாயின் நடுவிலிருந்து 20 செ.மீ. விலகுவதாகக் கொள்வோம். சாயும் பக்கத்து போல்ட் வரிசை நெம்புகோலின் தாங்குபுள்ளி. எடை அதற்கு வெளியே 12.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. 80ஐ 12.5ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஏறக்குறைய 67 கிலோ. எதிர்ப்பக்கத்து போல்ட்டுகளை மேல்நோக்கி இழுக்கும் விசை இது. அலையில் படகு விழுந்து எழும்போது உடலின் பாரம் நொடிப்பொழுது மூன்று மடங்கானால், இழுப்பு 200 கிலோ ஆகிவிடும். ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை! ஈரம் ஏறி ஊறிய பிளைவுட்டில் முடுக்கிய மர ஸ்க்ரூ இதற்கு ஈடுகொடுக்காது. மெல்லிய அலுமினியத் தகட்டில் அடித்த ரிவெட்டும் அப்படித்தான், துளை மெல்ல மெல்ல அகன்றுவிடும். தளத்தை முழுக்கத் துளைத்து இறங்கும் போல்ட், அடியில் தட்டைவிட அகலமான ஓர் உலோகப் பலகை, அதன்கீழ் தளராத நட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இழுப்பு பரவலாகத் தளத்தில் இறங்கும்.

அடுத்தது குழாய். சந்தையில் முக்கால் அங்குல ஊசித்தண்டு முதல் 2⅜ அங்குலம் (60 மி.மீ.), 2⅞ அங்குலம் (73 மி.மீ.) குழாய்கள் வரை கிடைக்கின்றன. சுவரின் கனம் மாறாதிருக்க, குழாயின் வளையாத வலிமை ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தைப் போல் கூடும். 60 மி.மீ. குழாயைவிட 73 மி.மீ. குழாய் ஒன்றரை மடங்கு வலுவானது, எடை மட்டும் கொஞ்சம்தான் கூடும். ‘அமைதியான ஏரியில் மெதுவாகப் போகிற எனக்கு ஊசித்தண்டே போதாதா?’ என்று கேட்கலாம். நின்ற படகில் தூண்டில் போடப் போதும். ஓடும் படகில் உட்காரப் போதாது. அமெரிக்கப் படகுத் தரநிர்ணய அமைப்பான ஏபிஒய்சி, எச்-31 என்ற தரக்குறிப்பில் இருக்கைகளை இந்த அடிப்படையில்தான் வகுக்கிறது. கடைசி வகை இருக்கையில், படகு மணிக்கு 5 மைலுக்கு மேல் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது ‘இது எத்தனை கிலோ தாங்கும்?’ என்பதோடு ‘ஓடும்போது இதில் உட்காரலாமா?’ என்பதும்தான்.

‘இத்தனை இரும்பையும் ஏற்றினால் சின்னப் படகு என்ன ஆவது?’ என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை மீறக் கூடாது. ஆனால் தளத்தோடு ஒட்டிய அடிப்பலகையின் சில கிலோ, படகின் எடைமையத்தைப் பெரிதாக உயர்த்தாது. உண்மையில் உயர்த்துவது ஆள் உட்காரும் உயரம். ஆகவே அடியில் வலுவைக் கூட்டி, குழாயின் நீளத்தைக் குறைப்பதே சரியான பேரம். குறுகிய படகில் உயரமான இருக்கை வேண்டாம்; உறுதியான இருக்கையும் அங்கே கவிழ்வதற்குத் துணைபோகும்.

‘எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததே’ என்பார் இன்னொருவர். பாதி சரி. உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். இடையே நைலான் வாஷரோ காப்புப் பசையோ வேண்டும். மரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பூச்சி அரிக்காதிருக்கச் செம்பு உப்புக் கலவை ஏற்றிய பலகை மலிவாகக் கிடைக்கும். அலுமினியப் படகில் அதை வைத்தால், நனையும்போதெல்லாம் அந்தச் செம்பு தகட்டைத் தின்றுவிடும். அங்கே மரைன் பிளைவுட்டோ அலுமினியப் பலகையோதான் ஏற்றது.

இவ்வளவுக்கும் பிறகு மெத்தைக்கு வரலாம். வெயில் தாங்கும் வினைல் உறையும், தண்ணீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் சட்டமும் போதும். அமெரிக்காவில் படகு விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். எந்த இருக்கையும் அந்த அங்கிக்கு ஈடாகாது. ஆனால் மனிதரைப் படகுக்குள்ளேயே நிறுத்தி வைப்பது இருக்கையின் வேலை. வாங்கிய பிறகும், பருவம் தொடங்குமுன் இருக்கையின் தலையைப் பிடித்து நாலாபுறமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தட்டின் விளிம்பில் மயிரிழை அளவு அசைவு தெரிந்தாலும், முளை தளர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். முடுக்க வேண்டியது அப்போதுதான்.