மேஜைக்கு ஏற்ற மனுஷியா, மனுஷிக்கு ஏற்ற மேஜையா?

இடுப்பு வலி என்று ஒரு பெண் சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "தைலம் தேய்ச்சுக்கோ, வெந்நீர் ஒத்தடம் குடு." பச்சைப் பிள்ளைக்காரி என்றால், "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்து விடுவோம். அவள் நாள் முழுக்க எதில் உட்காருகிறாள், எந்த உயர மேஜையில் குனிகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

திருப்பூரில் என் நாத்தனார் ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறாள். பன்னிரண்டு மிஷின். தைக்க, மடிக்க, செக்கிங் பார்க்க எல்லாமே பெண்கள்தான். பீஸ் ரேட் கூலி என்பதால் வலித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். முடியாமல் போனால் ஒரேயடியாக நின்று விடுவார்கள். நன்றாகத் தைக்கும் இரண்டு பேர் அப்படி நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"எர்கனாமிக்ஸ்னு ஒண்ணு இருக்குங்க அண்ணி. பெரிய மில்லுக்குத்தான்னு நெனச்சிருந்தேன்" என்றாள். வேறொன்றுமில்லை, வேலைக்கு ஏற்றபடி உடம்பை வளைக்காமல், உடம்புக்கு ஏற்றபடி வேலையை அமைப்பதுதான் அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்காக 1996-ல் ஒரு கையேடு வெளியிட்டது. 2010-ல் வந்த திருத்திய பதிப்பில் 132 யோசனைகள். பெரும்பாலும் சின்னப் பட்டறைக்கும் கட்டுப்படியாகிறவை.

அங்கே என்ன மாற்றினார்கள் தெரியுமா?

முதலில் உயரம். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி உட்காரச் சொல்லி, ஒவ்வொருத்திக்கும் அளந்தார்கள். தைக்கும் இடம் ஏறக்குறைய முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். குள்ளமானவர்களுக்கு ஸ்டூலை உயர்த்தி, காலடியில் மரப்பலகை போட்டார்கள். முதுகு சாயாத ஸ்டூலுக்கு ஆசாரி சாய்மானம் அடித்துக் கொடுத்தார்.

அடுத்தது சுமை. எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சவரம்பு என்று, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் கணக்கிட்டது. குனிந்தோ, எட்டியோ தூக்கினால் அதுவும் குறையும். அதனால் பெரிய பண்டலைச் சின்னதாகக் கட்டி, தரையில் போடாமல் இடுப்பு உயரப் பலகையில் வைக்கிறார்கள். நகர்த்தச் சக்கர வண்டி.

செக்கிங் பெண்கள் நின்றே பார்ப்பவர்கள். நிற்பவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. இப்போது மேஜையோரம் நாலு ஸ்டூல்.

இதெல்லாம் சுலபமாக நடந்தது. இடைவேளைதான் சிக்கல். காலையும் மாலையும் பத்து நிமிஷம் எழுந்து நடங்கள் என்றால் யாரும் அசையவில்லை. "நாங்க எந்திரிச்சா கூலி போயிருமேங்க்கா" என்றாள் ஒருத்தி. நியாயம்தானே? கடைசியில் நாத்தனாரே, "அந்த நேரத்துக்கும் சேத்துக் கூலி நான் தர்றேன்" என்று ஒப்புக்கொண்டாள். அன்றைக்குத்தான் மிஷின்கள் நின்றன. பலகையும் ஸ்டூலும் பாதிதான். மீதிப் பாதி இந்தக் கூலி என்று எனக்குப் பட்டது.

"நஷ்டமில்லையா?" என்று கேட்டேன். "கை பழகினவ நின்னுட்டா, புதுசா ஒருத்தியப் பழக்கறதுக்குள்ள ஆகிற நஷ்டம் உங்களுக்குத் தெரியாதுங்க அண்ணி!" என்றாள்.

வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இதே அளவுதான். வெளிச்சம் துணிமேல் விழட்டும், நிழல் விழ வேண்டாம். அடுக்களையிலும் அப்படியே: காய் நறுக்கும் மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே, அழுத்திப் பிசையும் வேலைக்கு இன்னும் தாழ்வாக. மேடை உயரமாக இருந்தால் ஆடாத பலகை மேல் நின்றுகொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, தைலத்தைத் தேடுமுன் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துப் பாருங்கள். தையல்காரி உடுப்புக்கு அளவெடுக்கிறாள். அவள் உட்காரும் இடத்துக்கும் யாராவது அளவெடுக்க வேண்டாமா?