பொறுமையும் ஓட்டமும்

எபிரெயர் 12:1-இல் நம் திருமறை 'பொறுமை' என மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் 'ஹுப்போமொனே' என்பதாகும். பாரத்தின் கீழ் நிலைத்திருத்தல் என்பது அதன் பொருள். ஆயினும் ஆக்கியோன் அதனை ஓட்டத்தோடு இணைத்துக் கூறுவதால், வாளாவிருத்தல் பொறுமையாகாது என்பது தெளிவு.

1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு ஐயர், 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே டேனியக் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையிலிட்டார். எதிர்த்தவரும் கிறிஸ்தவரே. நான்கு மாதங்களுக்குப்பின் விடுதலை பெற்ற ஐயர், மனக்கசப்பில் தங்கிவிடாது அப்பணியையே தொடர்ந்து, 1711-இல் முடித்தார்.

அவ்வுழைப்பின் வழிவந்த தமிழ் வேதத்தோடுதான் 1830-இல் இலண்டன் மிஷனெரிச் சங்கம் கோயம்புத்தூரில் பணி தொடங்கிற்று. ஆகவே, கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கதவு அடைக்கப்படினும், சொந்தச் சபையாரே நம்மை ஒதுக்கினும், விட்ட இடத்திலிருந்து நாம் பணியைத் தொடர்வோமாக.