மழை விடுமுறையில் காவிரியோடு ஒரு கார் பயணம்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் பள்ளி விடுமுறை அடிக்கடி வரும். வெளியே போக முடியாது. பிள்ளைகள் கையில் செல்போன்தான். அந்த நாட்களுக்கு நல்ல துணை ‘நடந்தாய் வாழி, காவேரி’. சிட்டியும் தி.ஜானகிராமனும் காவிரிக்கரையோடு காரில் பயணம் செய்து எழுதி, 1971-ல் வெளிவந்தது. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடிக்காரர்.

இது சிறுவர் நூல் அல்ல. பத்து வயதுப் பிள்ளையிடம் அப்படியே கொடுத்தால் நாலு பக்கத்தில் மூடி வைத்துவிடும். பெரியவர்கள்தான் ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் வரைபடம் இருக்கட்டும். குடகு மலையின் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை சுமார் 800 கி.மீ. ஸ்ரீரங்கப்பட்டணம் வந்ததும் புத்தகத்தைக் கொஞ்சம் நிறுத்தி, 1799-ல் திப்பு சுல்தான் அங்கே ஷஹீதானதைச் சொல்லுங்கள். பிறகு ஒகேனக்கல், மேட்டூர், கல்லணை.

கல்லணையில் பிள்ளை கட்டாயம் கேட்கும்: “நம்ம ஊர் ஆறு எங்கே?” வெண்ணாறு அங்கேதான் பிரிகிறது. அந்த ஆறுதான் கூத்தாநல்லூர் வழியாக ஓடுகிறது. நீடாமங்கலம் அருகே அதிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய்ச் சேர்கின்றன. வீட்டு வாசலில் ஓடும் தண்ணீர் குடகிலிருந்து வருகிறது என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். விரல் வைத்துத் தேடிய பிள்ளை அதை மறக்காது.

காலச்சுவடு இதை மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. கிளை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். மழை கொட்டும் நாளில் நூலகத்துக்குப் போவதும் சிரமம். ஐப்பசிக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.