கொடிகாமத்துக் காய்ச்சலும் நாட்டின் கணக்கும்

மாரி தொடங்கியதும் தென்மராட்சியில் தடிமனும் இருமலும் காய்ச்சலும் வீடுதோறும் தலைகாட்டுதல் வழக்கம். மல்லிக் குடிநீர் அருந்தி, வேது பிடித்து, நான்கைந்து நாளிற் பலர் எழுந்துவிடுவர். ஆதலின் அதனை எண்ணிக் கணக்கிடவேண்டிய நோயென்று எவரும் கருதுவதில்லை. ஆயினும் காய்ச்சலை எண்ணுவதன் இன்றியமையாமைக்கு இந்நாட்டு வரலாறே சான்று பகரும்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா இலங்கையையும் தாக்கிற்று. குடிசன மதிப்பீடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அதனால் நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 307,000 குறைந்ததெனக் கணித்தனர். இறப்புப் பதிவுகளை வாரவாரமாக வகுத்து நோக்கியபோது, வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்ரோபர்த் தொடக்கத்திலும், மத்திய பகுதியில் 1919 மார்ச்சுத் தொடக்கத்திலும் இறப்பு உச்சமடைந்தமை புலனாயிற்று. ஓரிடத்து உச்சம் பிறிதோரிடத்துக்கு ஐந்து திங்கள் முந்திய எச்சரிக்கையாதல் கூடும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இன்று இலங்கையிற் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும், ஆண்டு முடிந்து தொடங்கும் காலத்தில் ஒருமுறையும் மிகுகின்றது. இதனை அறிதற்குத் தெரிந்தெடுத்த சில வைத்தியசாலைகள் காவல் நிலையங்களாக விளங்குகின்றன. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அவற்றுள் ஒன்று. பத்து நாளுக்குள் தொடங்கிய இருமலும், 38 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும் உடையோர் இக்கணக்கிற் சேர்வர். வெறுந்தொகை மட்டும் போதாது. விகிதமே உண்மையைக் காட்டும். எடுத்துக்காட்டாக, ஒரு வாரத்தில் வந்த 200 நோயாளரில் 10 பேருக்கு இந்நோய்க்குறி இருப்பின் அது 5 வீதம். மழையால் அடுத்த வாரம் 120 பேரே வந்து, அவருள் 12 பேருக்கு அது இருப்பின் 10 வீதம். தொகை இரண்டே கூடிற்று, விகிதமோ இருமடங்காயிற்று.

சிலரின் மூக்கு, தொண்டைச் சளி மாதிரிகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பப்படும். அங்கே வைரசின் இனம் துணியப்படும். உலக சுகாதார தாபனம் 1952இல் தொடங்கிய கண்காணிப்பு வலையுடன் அந்நிறுவகம் இணைந்துள்ளது. இத்தகைய முடிவுகளைக் கொண்டே தடுப்பூசியின் கூறுகள் ஆண்டுக்கு இருமுறை வகுக்கப்படுகின்றன.

பரிசோதனையின் அருமையை 2024 டிசெம்பர் உணர்த்திற்று. பெருமழைக்குப்பின் பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பகுதிகளிற் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு சிலர் மாண்டனர். சளிக்காய்ச்சலை ஒத்த அந்நோய் எலிக்காய்ச்சலென்பதைக் குருதிப் பரிசோதனையே வெளிப்படுத்திற்று. முன்னது வைரசால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காது. பின்னது பற்றீரியாவால் வருவது. அம்மருந்தைக் காலத்தே கொடுப்பின் உயிர் தப்பும். எனவே நோயின் பெயரைத் துணிவதிலேயே உயிர் தங்கியிருக்கின்றது.

கொடிகாமமோ கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் இடம். புகையிரத நிலையமும் பெயர்பெற்ற சந்தையும் உடையது. பொருளொடு நோயும் இங்கே வந்துசேரும். இங்கிருந்து செல்லவும் செய்யும். ஆனால் வீட்டிலேயே படுத்தெழும் நோயாளி எக்கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரே வகுப்பிற் பலர் காய்ச்சலால் வராதிருப்பின் அதனைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் ஆசிரியர்க்கு எளிது. தணியாத காய்ச்சலுக்குக் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுதல் யாவர்க்கும் எளிது. இவ்விரண்டும் நிகழின், ஊரின் காய்ச்சல் நாட்டின் கணக்கில் ஏறும். நாட்டின் கணக்கு ஊரைக் காக்கும்.